சீலுக்கு இருப்பதில் பாதிதான் நமக்கு: ஃப்ரீடைவிங் கற்றதில் தெரிந்துகொண்டவை

ஃப்ரீடைவிங், அதாவது சிலிண்டர் இல்லாமல் ஒரே மூச்சில் ஆழத்துக்கு முங்குவது, கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னதும் வருகிற முதல் கேள்வி, "எத்தனை நிமிஷம் மூச்சு பிடிப்பீங்க?" சித்தப்பாவில் தொடங்கி ஆபீஸ் செக்யூரிட்டி வரை இதே கேள்விதான். என் நேரத்தைச் சொன்னால் முகம் லேசாகச் சுருங்கும். உடனே, பிரான்ஸ்காரர் ஸ்டெஃபான் மிஃப்சூட் 2009-ல் ஒரே மூச்சில் 11 நிமிடம் 35 விநாடி தண்ணீரில் கிடந்தார் என்று எடுத்துவிடுவேன், சமாதானமாகிவிடுவார்கள். எனக்கோ அந்த எண்களில் ஆர்வம் குறைந்துகொண்டே வருகிறது. மூச்சைப் பிடித்துத் தண்ணீருக்குள் போனதும் நாம் சொல்லாமலே உடம்பு சில வேலைகளைச் செய்கிறது, சீல் என்கிற கடல்நாயும் திமிங்கிலமும் செய்கிற அதே வேலைகள். ஆனால் அவற்றுக்கு இருப்பதில் பாதிதான் நமக்கு வாய்த்திருக்கிறது. எந்தப் பாதி வந்தது, எது வரவில்லை என்று தெரியாமல் இறங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மதுரைப் பக்கம். நீச்சல் என்றால் கிணறுதான். இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கிவிடுவார்கள், நீச்சல் வந்ததும் அடுத்தது முங்கு. அடிக்குப் போய் ஒரு கை சேறு அள்ளிவந்து காட்டினால்தான் ஆள் என்று ஒத்துக்கொள்வார்கள். பெரிய பையன்கள் ஒரு வித்தை சொல்லித் தருவார்கள்: முங்குவதற்கு முன்னால் புஸ் புஸ் என்று வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுக்கோ, அப்புறம் ரொம்ப நேரம் தாங்கும் என்று. தாங்கும்தான். அது ஏன் தாங்குகிறது என்பது பல வருடம் கழித்து அந்தமானில், ஹேவ்லாக் தீவில் முறையாகக் கற்றபோதுதான் புரிந்தது. புரிந்ததும் வயிறு கலங்கியது. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒன்று. கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் பல வீட்டு அலமாரிகளில் சும்மா கிடக்கிறது. டைனிங் டேபிளில் ஒரு பிளாஸ்டிக் பேசின் வைத்து, பாதி தண்ணீர் ஊற்றி, ஃப்ரிட்ஜில் இருந்த ஐஸ் முழுவதையும் கொட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்து ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிக்கொண்டு, நாடித்துடிப்பைப் படித்துச் சொல்ல மனைவியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். சும்மா இருந்தபோது 76. வெளியிலேயே மூச்சை மட்டும் பிடித்தால் 70 வாக்கில் நின்றது. நெற்றி வரை முகத்தை ஐஸ் தண்ணீருக்குள் வைத்ததும் குளிரின் அதிர்ச்சியில் கொஞ்சம் எகிறி, பிறகு மளமளவென்று இறங்கி 54-க்கு வந்தது. அதற்கப்புறம், "நம்பரே வரலங்க, கோடுதான் வருது" என்றாள். மெஷினில் கோளாறு ஒன்றும் இல்லை. விரலுக்கு வருகிற ரத்தத்தை உடம்பு குறைத்துவிட்டது, விரலில் மாட்டிய கருவிக்குப் படிக்க நாடியே கிடைக்கவில்லை. நான் பார்க்க நினைத்தது துடிப்பு குறைவதை. ரத்தக்குழாய் சுருங்குவதையும் அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிட்டது. (இதயக் கோளாறு, துடிப்பில் ஒழுங்கின்மை உள்ளவர்கள் இதைச் செய்துபார்க்க வேண்டாம். மற்றவர்களும் ஆள் துணையோடு, உட்கார்ந்துகொண்டு மட்டும். குழந்தைகளுக்கு இதயம் தறிகெட்டு வேகமாகத் துடிக்கும் ஒரு வகைக் கோளாறை நிறுத்த, ஐஸ் பையை முகத்தில் வைக்கும் வழக்கம் ஆஸ்பத்திரிகளில் உண்டு. அவ்வளவு சக்தி உள்ள விஷயம் இது.)

நடப்பது இதுதான். முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்குக் கொண்டுபோவது டிரைஜெமினல் என்ற நரம்பு. கண், மூக்கு, நெற்றிப் பக்கம் தண்ணீர் பட்டு, மூச்சும் நின்றிருந்தால், மூளை வேகஸ் நரம்பு வழியாக இதயத்தை மெதுவாக்குகிறது. கூடவே கை, கால், தோல், வயிறு ஆகியவற்றுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, இருக்கிற ஆக்சிஜனை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்குகிறது. தண்ணீர் எவ்வளவு குளிரோ அவ்வளவு பலமாக இது நடக்கும். அந்தமான் கடல் வெதுவெதுப்பானது, அங்கே ஐஸ் பேசின் அளவுக்கு எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் இறங்குவதற்கு முன் கொஞ்ச நேரம் ஸ்நார்க்கல் என்ற மூச்சுக்குழாய் வழியாக மூச்சு விட்டுக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து அசையாமல் மிதந்தால் வித்தியாசம் தெரிகிறது. மிதவையைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கி அரட்டை அடித்துவிட்டு அப்படியே முங்கினால் முதல் சில மீட்டர் வீணாகப் போகிறது.

சீல்களிடம் இதை ஆராய்ந்து விரிவாக எழுதியவர் பெர் ஷோலாண்டர், 1940-ல். சீலைப் பலகையில் கட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தி அளந்தார். இதயம் சட்டென்று மெதுவானது. தசைகளில் உருவான லாக்டிக் அமிலம், முங்கி இருக்கும்வரை ரத்தத்தில் அவ்வளவாகத் தெரியாமல், மேலே வந்து மூச்சு விட்டதும் குபீரென்று ஏறியது. அதாவது தசைக்கும் ரத்தத்துக்கும் நடுவே கதவைச் சாத்திவிட்டது உடம்பு. பிறகு 1960-களில் ஜெரால்ட் கூய்மன் அண்டார்க்டிகாவில் பனியில் துளை போட்டு, வெடெல் சீல்களைச் சுதந்திரமாக முங்கவிட்டுக் கருவி கட்டிப் பார்த்தபோதுதான் இன்னொரு பக்கம் தெரிந்தது. தானாக முங்கும் சீல் பெரும்பாலும் 20 நிமிடத்துக்குள் திரும்பிவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேலும் அதால் தாங்க முடியும், ஆனால் தினசரி வேலையில் கைவசம் உள்ள ஆக்சிஜனைத் தாண்டிக் கடன் வாங்குவதில்லை. நம்மில் எத்தனை பேர் அப்படி இருக்கிறோம்? வகுப்பில் நான் பார்த்த எல்லாருமே, நானும் சேர்த்து, கடன் வாங்கத்தான் துடித்தோம்.

இதயத்துடிப்பு என்றதும் நீலத் திமிங்கிலத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கலிஃபோர்னியாவின் மாண்டெரே விரிகுடாவில் ஒட்டுக்கருவி வைத்து எடுத்த பதிவு 2019-ல் வெளியானது. ஆழத்தில் நிமிடத்துக்கு 2 துடிப்பு வரைகூட இறங்கியிருக்கிறது, மேலே வந்து மூச்சு வாங்கும்போது 25 முதல் 37 வரை. நன்றாகப் பழகிய மனிதர்களுக்கே ஆழத்தில் 30-க்குக் கீழே போவதுண்டு. சீலுக்கு இன்னொரு சாமர்த்தியம், மேலே வருவதற்குக் கொஞ்சம் முன்பே துடிப்பைக் கூட்ட ஆரம்பித்துவிடும். மனம் போகிற போக்கில் இதயமும் போகிறது. நமக்கும் அப்படித்தான், ஆனால் தலைகீழாக: கீழே பார்த்துப் பயந்தால் முங்குவதற்கு முன்பே 110-ல் அடிக்கும். என் பயிற்சியாளர் வயதில் சின்னவர், திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: "கீழ பாக்காதீங்கண்ணே, கண்ணு முன்னாடி கயிறு இருக்கு, அதைப் பாருங்க. தாடையை லூசா விடுங்க." தாடையை மட்டும் தளர்த்தியதில் தோளும் வயிறும் சேர்ந்து தளர்ந்ததை நான் நம்பவே இல்லை.

சரி, எது நமக்கு வரவில்லை? சரக்கு. ஆக்சிஜனை எங்கே வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். மனிதனுக்கு ஏறத்தாழ பாதி நுரையீரலில். வெடெல் சீலுக்கு நுரையீரலில் இருப்பது 5 சதவீதம் போலத்தான், மீதியெல்லாம் ரத்தத்திலும் தசையிலும். உடல் எடைக்கு நம்மைவிடப் பல மடங்கு ரத்தச் சிவப்பணுக்கள், தசையில் நம்மைப்போல் பத்து மடங்குக்கு மேல் மயோகுளோபின், அதாவது தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் புரதம். அதனால்தான் சீல் கறி ஏறக்குறைய கறுப்பாக இருக்கும். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் நம்மைப்போல் நான்கு மடங்குக்கு மேல் ஆக்சிஜன். இதில் வேடிக்கை என்னவென்றால், சீல் மூச்சை வெளியே விட்டுவிட்டு முங்குகிறது. நாம் நெஞ்சு வெடிக்க இழுத்துக்கொண்டு முங்குகிறோம், ஏனென்றால் நம் பணம் எல்லாம் சட்டைப்பையில்தான், பேங்கில் ஒன்றும் இல்லை.

நுரையீரலில் காற்றோடு இறங்குவதால்தான் அழுத்தம் நமக்குப் பெரிய விஷயமாகிறது. 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், 10 மீட்டரில் நுரையீரல் பாதியாகச் சுருங்கும், 30-ல் கால்வாசி. முழு மூச்சு 6 லிட்டர் என்றால், எவ்வளவு ஊதித் தள்ளினாலும் உள்ளே தங்கிவிடும் காற்று ஒன்றரை லிட்டர் போல. ஆகவே 30, 40 மீட்டருக்குக் கீழே மார்புக்கூடு நொறுங்கிவிடும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். கணக்கு சரிதான், உடம்புக்குத்தான் அது தெரியவில்லை. 1968-ல் அமெரிக்கக் கடற்படையின் ராபர்ட் கிராஃப்ட் 73 மீட்டர் போய்வந்தார். அவரை வைத்துச் செய்த அளவீடுகளில், கைகால்களிலிருந்து ரத்தம் மார்புக்குள் வந்து நுரையீரல் குழாய்களை நிரப்பி, காற்று விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று தெரிந்தது. 1976-ல் பிரெஞ்சு ஃப்ரீடைவர் ஜாக் மாயோல் இத்தாலியின் எல்பா தீவருகே 100 மீட்டரைத் தொட்டார்.

இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு, யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. மார்பில் ரத்தம் சேர்ந்ததும், உடம்பில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று இதயம் நினைத்துக்கொண்டு சிறுநீரகத்துக்குச் சொல்லிவிடும். அதனால் தண்ணீருக்குள் ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வரும். எல்லாருக்கும் வரும். வெட்சூட்டுக்குள் போகாதவர் யார் என்று எங்கள் படகில் கேட்டபோது ஒரே அமைதி. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இறங்குவதுதான் தப்பு, உடம்பு வற்றினால் தலைவலி, தசைப்பிடிப்பு எல்லாம் வரும். நடுநடுவே ஓஆர்எஸ் குடியுங்கள்.

காதுக்கு வருவோம். ஆரம்பத்தில் பெரும்பாலானவர்களைத் தடுப்பது மூச்சு இல்லை, காதுதான். சீலுக்கும் திமிங்கிலத்துக்கும் நடுக்காதில் ரத்தக்குழாய்கள் நிறைந்த திசு இருக்கிறது, அழுத்தம் ஏறினால் அது ரத்தத்தால் உப்பி இடத்தை நிரப்பிவிடும். நமக்கு அந்த வசதி கிடையாது, மூக்கைப் பிடித்துத் தொண்டைக் காற்றைக் காதுக்குள் தள்ளவேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு நெஞ்சிலிருந்து முக்குவது எல்லாருக்கும் தெரிந்த வழி, ஆனால் தலைகீழாக இறங்கும்போது அது சீக்கிரம் கைவிட்டுவிடும். தொண்டையை மூடிக்கொண்டு நாக்கின் பின்பக்கத்தால் காற்றைத் தள்ளும் ஃப்ரென்ஸல் முறையைக் கரையிலேயே, கண்ணாடி முன்னால் நின்று பழகிவிடுங்கள். மூக்கைப் பிடித்துத் தள்ளும்போது மூக்கு மடல் லேசாக உப்பவேண்டும், வயிறு அசையக்கூடாது. வலிப்பதற்கு முன்னால், ஒவ்வொரு மீட்டருக்கும் செய்யுங்கள். வலித்தால் திரும்புங்கள், முக்கி முக்கித் தள்ளினால் செவிப்பறை கிழியும். கழுத்தை வளைத்துக் கீழே பார்த்தால் காது திறக்காது, கயிறைப் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். சளி இருந்தால் அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டியதுதான். மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவதும் வேண்டாம், பாதியில் மருந்தின் வேகம் குறைந்தால் மேலே வரும்போது காற்று மாட்டிக்கொள்ளும்.

இப்போது கிணற்று வித்தை. மூச்சு முட்டுகிறது என்று நம்மைத் துரத்துவது ஆக்சிஜன் குறைவு இல்லை, சேர்ந்துகொண்டே போகும் கார்பன் டை ஆக்சைடு. அது ஏற ஏற உதரவிதானம் வெட்டி வெட்டி இழுக்கும். முதல்முறை வந்தபோது சாகப்போகிறேன் என்றே நினைத்தேன், உண்மையில் அது எச்சரிக்கை மணி மட்டும்தான், அப்போதும் ஆக்சிஜன் இருக்கிறது. புஸ் புஸ் என்று ஊதினால் என்ன ஆகிறது? ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை, ரத்தம் ஏற்கெனவே நிறைந்துதான் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு மட்டும் வெளியே போய்விடுகிறது. மணி அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காது. சுகமாக இருக்கும், இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்று தோன்றும், அப்படியே நினைவு போய்விடும். முன்னறிவிப்பு கிடையாது. ஆழத்திலிருந்து வந்தால் இன்னும் மோசம்: கீழே அழுத்தத்தில் நுரையீரலின் ஆக்சிஜன் நெருக்கப்பட்டுப் போதுமானதாக இருக்கும், மேலே வர வர நுரையீரல் விரிந்து அந்த நெருக்கம் சட்டென்று குறையும். அதனால்தான் கடைசி 10 மீட்டரிலோ, தலை வெளியே வந்த பிறகோ மயக்கம் வருகிறது. கிணற்றில் முங்கிய நல்ல நீச்சல்காரப் பையன்கள் ஏன் வரவில்லை என்று ஊரில் பேய்க்கதை சொல்வார்கள். எனக்கு இப்போது காரணம் வேறு மாதிரி தெரிகிறது.

அதைக் கண்ணால் பார்த்தும்விட்டேன். எங்களோடு வந்த ஒருவர், உடற்பயிற்சி செய்த கட்டான உடம்பு, முந்தைய முறையைவிட ஆழம் போய் நன்றாகவே திரும்பி வந்தார், மிதவையைப் பிடித்தார், சிரித்தார். பிறகு தலை மட்டும் ஆமாம் ஆமாம் என்பதுபோல் ஆட ஆரம்பித்தது, உதடு நீலம், கண் திறந்திருந்தும் பார்வை இல்லை. பயிற்சியாளர் ஒரு கையால் அவர் தாடையைத் தூக்கி வாயைத் தண்ணீருக்கு மேலே பிடித்து, மாஸ்கை இழுத்துக் கழற்றி, கண்ணுக்குக் கீழே ஊதி, கன்னத்தில் தட்டி, பேர் சொல்லி "மூச்சு விடு, மூச்சு விடு" என்றார். சில விநாடிதான், ஆள் திரும்பிவிட்டார். "என்ன ஆச்சு, ஏன் மாஸ்கைக் கழட்டினீங்க?" என்று கேட்டார், நடந்தது எதுவுமே அவருக்குத் தெரியாது. முகத்தில் தண்ணீர் இருக்கும்வரை மூச்சைப் பூட்டி வைக்கிற அதே நரம்பு, காற்றுப் பட்டால் திறக்கிறது என்பதுதான் ஊதுவதற்கு எங்களுக்குச் சொன்ன விளக்கம். தனியாக இருந்திருந்தால் அவர் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் தனியாகப் போகவே கூடாது. ஒருவர் கீழே போனால் ஒருவர் மேலே, அதுவும் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு இல்லை, தூக்கிவரத் தெரிந்தவராக. கடைசி 10 மீட்டருக்கு எதிர்கொண்டு போய்க் கூட வரவேண்டும், தலை வெளியே வந்த பிறகும் அரை நிமிடம் முகத்தையே பார்க்கவேண்டும். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (கடைசியாக 1961-ல்) கல்லோடு இறங்கியவரின் கயிறை மேலே பிடித்திருப்பவர் அவர் மச்சானாக இருப்பார் என்று சொல்வார்கள், அக்கா தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்று. பாதுகாப்புக்கு இதைவிடக் கறாரான ஏற்பாடு எந்தப் பயிற்சி நிறுவனத்திலும் நான் பார்க்கவில்லை.

முங்குவதற்கு முன் மூச்சு சாதாரணமாக இருக்கட்டும், கொஞ்சம் மெதுவாக, வெளிவிடுவது நீளமாக. விரல் நுனி மதமதத்தால், உதடு சிலிர்த்தால் அதிகம் ஊதிவிட்டீர்கள் என்று அர்த்தம், அந்த முறை போகாதீர்கள். முதல் இரண்டு முங்கல் சிரமமாக இருந்து மூன்றாவது சுலபமாவதை எல்லாரும் கவனித்திருப்பார்கள், அதில் மண்ணீரலுக்குப் பங்கு உண்டு. மூச்சடக்கும்போது அது சுருங்கி, தன்னிடமுள்ள சிவப்பணுக்களை ரத்தத்தில் விடுகிறது. சீலுக்கு அது பெரிய கிடங்கு, நமக்குச் சின்னது. தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி மீன் பிடிக்கும் இந்தோனேசிய பஜாவ் மக்களுக்கு மண்ணீரல், பக்கத்தில் நிலத்தில் வாழும் மக்களைவிட 50 சதவீதம் பெரிது என்று 2018-ல் வெளியான ஆய்வு சொன்னது. முங்காத பஜாவ்களுக்கும் அப்படித்தான், ஆக அது பழக்கத்தில் வந்ததில்லை, பிறப்பிலேயே வருவது. நமக்கெல்லாம் இருப்பதை வைத்து, ஆழமில்லாத இரண்டு மூன்று முங்கலோடு தொடங்கினால் போதும்.

ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மேலே வரும்போது குமிழாகிப் படுத்தும் பாடு, சிலிண்டரோடு முங்கும் ஸ்கூபாக்காரர்களுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. சீலுக்குச் சில பத்து மீட்டரிலேயே நுரையீரலின் காற்றறைகள் மடங்கிவிடுவதால் நைட்ரஜன் ரத்தத்துக்குள் அவ்வளவாகப் போவதில்லை. நமக்கு அப்படி இல்லை. பசிபிக்கின் துவாமோத்து தீவுகளில் ஓய்வே இல்லாமல் நாள் முழுக்க ஆழத்துக்கு முங்கிய முத்துச்சிப்பிக்காரர்களுக்குத் தலைசுற்றல், கைகால் விழுதல் எல்லாம் வந்தது, அவர்கள் அதைத் தாரவானா என்றார்கள். கீழே இருந்த நேரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு மேலே இருக்கச் சொல்வது இதையும் சேர்த்துத்தான், ஆழம் கூடினால் இன்னும் அதிகம். ஸ்கூபா செய்த அன்றே ஃப்ரீடைவிங் வேண்டாம். நம் மன்னார் வளைகுடாவில் படகுக் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாகக் காற்று வாங்கிச் சங்கு எடுப்பவர்களுக்கு மூட்டுவலியும் முடக்கமும் வருவது இதே நைட்ரஜனால். அவர்கள் கீழே அழுத்தக் காற்றையே மணிக்கணக்கில் சுவாசிக்கிறார்கள். அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலே கிழியும். இரண்டையும் பழகுபவர்கள் இந்த வித்தியாசத்தைத் தூக்கத்திலும் மறக்கக்கூடாது. திமிங்கிலத்துக்கே இதில் முழுப் பாதுகாப்பு இல்லை: 2002-ல் கேனரி தீவுகள் பக்கம் கடற்படைப் பயிற்சியின்போது கரை ஒதுங்கிய அலகுத் திமிங்கிலங்களின் உறுப்புகளில் வாயுக் குமிழ்கள் இருந்தன. கப்பல்கள் ஒலி அனுப்பித் தேடும் சோனார் சத்தத்துக்கு மிரண்டு முங்கும் முறையை மாற்றியதால் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

வெயிட் பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பாக் விரிகுடாவின் ஆவுளியாவுக்கு (கடல்பசு) விலா எலும்பே கனமும் கெட்டியுமாக இருக்கும், கடல்தாழை மேய அடியில் நிற்பதற்கு அது வசதி. நாம் ஈயம் கட்டுகிறோம். மூச்சை வெளியே விட்ட பிறகும் மேற்பரப்பில் மிதக்கும் அளவுக்குத்தான் கட்டவேண்டும். வேகமாக இறங்கலாம் என்று கூடுதலாகக் கட்டினால், மயங்கியவர் மிதக்கமாட்டார், கீழேதான் போவார். பெல்ட்டின் கொக்கியை ஒரு கையால், கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பழகுங்கள்.

நீச்சல் குளத்தில் மூச்சடக்கிப் பழகுகிறவர்கள் லைஃப்கார்டு இருக்கிறார் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். மூச்சடக்கி மிதப்பவரும் மயங்கி மிதப்பவரும் மேலிருந்து பார்த்தால் ஒரே மாதிரித்தான் இருப்பார்கள். தண்ணீருக்குள் என்றால், உங்களையே பார்த்துக்கொண்டு கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் நிற்கவேண்டும், பேசிவைத்த இடைவெளியில் உங்கள் தோளைத் தட்டவேண்டும், நீங்கள் விரலைத் தூக்கிப் பதில் சொல்லவேண்டும். ஆள் கிடைக்காத நாளில் வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு பழகுங்கள்.